தோல் பதித்த பழைய மேசையைப் புதுப்பிக்கிறவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் நான் பட்ட பாடு

அப்பப்பா நொத்தாரிசாக, அதாவது காணி உறுதி எழுதுகிறவராக இருந்தவர். அவருடைய கந்தோர் மேசை வேலணையில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் கிடந்தது. ஐந்தடி நீளம், இரண்டே முக்கால் அடி அகலம், இரண்டு பக்கமும் மும்மூன்று லாச்சி (இழுப்பறை), மேலே பச்சைத் தோல். தோலின் மேல் நெல்மூட்டை அடுக்கியிருந்தார்கள். பெரியம்மா லண்டனுக்குப் போகும்போது "உனக்கு வேணுமெண்டால் தூக்கிக்கொண்டு போ" என்றார். தூக்கி வந்தேன்.

கொக்குவில் வீட்டுக்கு அது வந்தது ஆனியில், வேலை முடிந்தது அடுத்த பங்குனியில். உண்மையான வேலை ஆறு கிழமைதான். மிச்சமெல்லாம் என் பிழைகளைத் திருத்தப் போன காலம். மேசை ஒன்றாக இருந்தாலும் வேலை இரண்டு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. மரம் ஒருவர் வேலை, தோல் இன்னொருவர் வேலை. இரண்டையும் ஒரே கடையில் கொடுத்ததில்தான் பிசகு தொடங்கியது. அந்தக் கடை சோபா தைக்கிற கடை. தோலை உரித்துவிட்டு ரெக்சினை ரப்பர் பசையால் ஒட்டித் தந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு கிழமை வெயிலில் அப்பளம் மாதிரிப் பொங்கியது. 22,000 ரூபா போய்விட்டது.

உங்களிடமும் இப்படி ஒரு மேசை இருந்தால், கீழே உள்ள ஒழுங்கில் செய்யுங்கள்.

1. முதலில் லாச்சிகளை முழுதாகக் கழற்றுங்கள்

வெளியே இழுத்துப் பார்த்தால் போதாது. லாச்சியைக் கழற்றி, அதன் பின்பக்கத்துக்கும் மேசையின் முதுகுப் பலகைக்கும் இடையில் கைவிட்டுப் பாருங்கள். நிறைந்த லாச்சியில் மேலே கிடக்கும் கடதாசி பின்னால் விழுந்து அங்கேதான் தங்கும். எனக்கு அங்கே ஒரு கறுப்பு மைக்கூடும், நான்கு உறுதிகளும், யாரோ எழுதிய கடன் சீட்டும் கிடைத்தன. கழற்றிப் பார்க்காமல் கடையில் கொடுத்திருந்தால் குப்பைக்குப் போயிருக்கும்.

வழக்கறிஞர், நொத்தாரிசு வீட்டு மேசை என்றால் இன்னும் கவனம். இறந்துபோன நொத்தாரிசின் உறுதிப் பிரதிகளும் பதிவுப் புத்தகங்களும் குடும்பச் சொத்து அல்ல, காணிப் பதிவகத்தில் ஒப்படைக்க வேண்டியவை. யாருடைய காணியோ அதில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஒப்படைக்கும்போது என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதி, இரண்டாம் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள்.

கழற்றின லாச்சி ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் இலக்கம் போடுங்கள். கையால் செய்த மேசையில் ஒரு லாச்சி இன்னொன்றின் இடத்தில் சரியாகப் போகாது. பூட்டுகளுக்குத் திறப்பு இல்லாவிட்டால் உடைக்க வேண்டாம். பூட்டைக் கழற்றிக் கொண்டுபோனால் திறப்பு வெட்டுகிறவர் செய்து தருவார்.

2. மேலே இருப்பது என்னவென்று பாருங்கள்

தோல் என்று நினைப்பது சில நேரம் பச்சைக் கம்பளித் துணியாகவோ ரெக்சினாகவோ இருக்கும். கிழிந்த ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். நூல்நூலாக, பஞ்சு மாதிரி இருந்தால் தோல்.

தோல் என்றால் விரலால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். செங்கல் தூள் மாதிரிச் சிவந்த பொடி ஒட்டினால் அது உள்ளுக்குள் உக்கிவிட்டது, எந்தக் கிறீமும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. பொடி வராமல் வெறுமனே காய்ந்து, இரண்டு மூன்று கீறலோடு இருந்தால் மாற்றவே வேண்டாம். மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, தோலுக்கென்று விற்கும் கிறீமை மிகக் கொஞ்சமாகப் பூசி விடுங்கள். பொன்கோடு இருக்கும் இடத்தில் ஈரத்துணியால் தேய்த்தால் கோடு கையோடு வரும்.

தேங்காயெண்ணெய் பூசச் சொல்லி உங்களிடம் குறைந்தது மூன்று பேர் சொல்வார்கள். நல்லெண்ணெய் என்பார் நாலாமவர். இரண்டும் வேண்டாம். முதல் நாள் பளபளக்கும், பிறகு கறுக்கும், மாரி வந்ததும் பூஞ்சணம் பிடிக்கும்.

3. அளவெடுங்கள், படமும் எடுங்கள்

எனக்கு அதிகம் செலவு வைத்தது இந்த இடம். பழைய தோலை உரிக்க முன் நான்கு அளவு வேண்டும்: தோல் இருக்கும் பள்ளத்தின் நீளம், அகலம், மூலைவிட்டம் இரண்டு. மூலைவிட்டங்கள் சமமில்லாவிட்டால் மேசை கோணியிருக்கிறது. அப்படியானால் தோலைச் சதுரமாக வெட்டக்கூடாது.

ஐந்தாவது அளவை யாரும் எடுப்பதில்லை. அது பள்ளத்தின் ஆழம். இப்படியான மேசைகளில் தோல் மரத்தின் மேல் ஏறி நிற்பதில்லை. சுற்றியிருக்கும் மர விளிம்போடு ஒரே மட்டமாக, ஒரு சின்னப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். என் மேசையில் அந்தப் பள்ளம் ஒரு மில்லிமீற்றர் இருந்தால் பெரிய காரியம். பஞ்சு முதுகு வைத்த ரெக்சின் அதற்குள் அடங்காது. செருப்புத் தைக்கிற தடித்த தோலும் அடங்காது. ஓரம் மேலே நிற்கும், சட்டைக் கை பட்டுப் பட்டுக் கிளம்பும்.

இன்னொன்றும் பாருங்கள்: தோல் ஒரே துண்டா, மூன்று துண்டா? என் மேசையில் மூன்று. நடுவில் 30 அங்குலம், இரண்டு பக்கமும் 12 அங்குலம். பொருத்து பொன்கோட்டுக்குக் கீழே ஒளிந்திருந்ததால் உரித்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாகப் போட்டது அழகுக்காக மட்டுமில்லை. மெல்லிய ஆட்டுத்தோல் நாலரை அடி நீளத்துக்குக் கிடைக்காது, ஆடு அவ்வளவு பெரிதில்லை. ஒரே துண்டாகத்தான் வேண்டும் என்றால் மாட்டுத்தோலுக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. "மாட்டுத்தோலெண்டால் வாசலுக்கு வெளியிலை வை" என்று அம்மா சொல்லிவிட்டார். ஆட்டுத்தோல் என்றதும், அதையும் நல்லூர்த் திருவிழாக் கொடி இறங்க முன் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஒரு நிபந்தனை. பழைய தச்சர்களும் மூன்று துண்டாகவே போட்டிருந்ததால் எனக்கு அது ஒரு விதத்தில் வசதியாகப் போய்விட்டது.

4. மேசையை இடம் மாற்றுதல்

பட்டா வாகனம் (சின்ன லொறி) போதும். மேசையை மேற்பலகை கீழே போகும்படி கவிழ்த்து, அடியில் பழைய மெத்தை விரித்து ஏற்றுங்கள். கால்களில் கயிறு கட்டி இழுத்தால் பொருத்துக் கழரும். லாச்சிகளைத் தனியே ஏற்றுங்கள்.

வேலணைத் தீவில் இருந்து வருவதானால் கடலுக்கு மேலே போகும் பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அள்ளும். நான் சும்மா துணியால் மூடி வந்தேன், துணி கடலுக்குப் போனது. படங்கு கட்டுங்கள்.

கடதாசி விஷயம்: புதிதாக அறுத்த மரம் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பழைய தளபாடத்தோடு போகும்போதும் வழியில் மறித்து எங்கே, யாருடையது என்று கேட்கலாம். நான் விதானையாரிடம் (கிராம அலுவலர்) போய், இன்ன விலாசத்தில் இருந்த குடும்பப் பாவனைத் தளபாடம், இன்ன விலாசத்துக்குப் போகிறது என்று ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தேன். அரை நாள் வேலை. அடையாள அட்டைப் பிரதியும் மேசையின் படமும் கொண்டுபோனால் இரண்டாம் தரம் அலைய வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது "திருத்திப்போட்டு எனக்கு அனுப்பு" என்று சொன்னால் திருத்த முன் யோசியுங்கள். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்த வேலையை முதலில் முடியுங்கள். புதுப்பிக்க முன் எடுத்த படங்கள் அங்கேயும் உதவும்.

5. ஆள் பிடித்தல்

தளபாடக் கடைக்குப் போகாதீர்கள். புதுக் கதிரை, அலுமாரி செய்கிறவருக்குப் பழைய மேசை ஒரு தொல்லை. "இதுக்குச் செலவழிக்கிற காசுக்குப் புதுசு செய்து தாறன்" என்பார். வயதான, பழைய வீட்டு யன்னல் கதவு திருத்துகிற தச்சரைத் தேடுங்கள். எனக்குக் கிடைத்த ஐயா மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, இது வச்சிர ஒட்டு. சுடுதண்ணி காட்டினால் கழரும். ஆணி அடிக்க விடாதை." வச்சிரம் என்பது விலங்குத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கும் பழைய பசை. அது தெரிந்த ஆள் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

முற்பணம் கொடுக்க முன் ஒரு கொப்பித்தாளில் எழுதுங்கள்: என்னென்ன வேலை, நாட்கூலியா மொத்தக் கூலியா, பொருள் யார் வாங்குவது, எந்தத் திகதி. முக்கியமாக மூன்று வரி எழுத வேண்டும். தோலில் கைவைக்கக்கூடாது. சாண்டர் மெஷின் பாவிக்கக்கூடாது. கழற்றும் பழைய துண்டு எதையும் எறியக்கூடாது. இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சோபாக் கடையில் நான் இதைச் செய்யவில்லை, அதனால் பழைய பச்சைத் தோலில் ஒரு துண்டுகூட நிறம் பார்க்க மிஞ்சவில்லை.

6. தோல் வாங்குதல்

கேட்க வேண்டியது: தாவரப் பதனிடல் செய்த (மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய) செம்மறி அல்லது வெள்ளாட்டுத் தோல், தடிப்பு 0.7 முதல் 0.9 மில்லிமீற்றர். குரோம் பதனிட்ட (குரோமிய உப்பில் பதப்படுத்திய) தோல் மலிவாகவும் மிருதுவாகவும் இருக்கும். ஆனால் சூடான பித்தளை அச்சு அதில் பதிந்து நிற்காது, பொன்கோடு வேண்டுமென்றால் அது உதவாது.

கொழும்புப் புறக்கோட்டையில் செருப்பு, பை தைக்கிறவர்களுக்கான தோல் கிடைக்கிறது. நான் பார்த்ததெல்லாம் எனக்குத் தடிப்புக் கூடியதாக இருந்தது. கடைசியில் தோல் சென்னைப் பெரியமேட்டில் இருந்து வந்தது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் ஆட்டுத்தோல் பதனிடுவது பழைய தொழில், பெரியமேடு அந்த வியாபாரத்தின் இடம். மச்சான் ஒருவர் சென்னையில் இருந்து பலாலிக்கு விமானத்தில் வந்தபோது சூட்கேசில் கொண்டுவந்தார். மூன்று தோல், மொத்தம் 24 சதுர அடி, சதுர அடி 110 இந்திய ரூபா.

கவனிக்க வேண்டியவை சில. தோல் சதுர அடிக் கணக்கில் விற்றாலும் கழுத்து, கால், வயிறு எல்லாம் அந்தக் கணக்கில் வரும், மேசைக்கு உதவுவது நடு முதுகு மட்டும். எனவே மொத்தச் சதுர அடியைப் பார்க்காதீர்கள். உங்கள் பெரிய துண்டின் அளவுக்கு ஒரு கடதாசி வெட்டிக் கொடுத்துவிடுங்கள், அதைத் தோலின் மேல் வைத்துப் பார்த்து வாங்கட்டும். எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் கூட இருக்க வேண்டும். எனது 30 × 27 நடுத்துண்டுக்கு 32 × 29 கடதாசி அனுப்பினேன். மூன்று தோலும் ஒரே சாயத் தொட்டியில் வந்தவையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பச்சை மூன்று பச்சையாகத் தெரியும். மடிக்க வேண்டாம், குழாயில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். மடித்த கோடு கடைசிவரை போகாது. கடைப் பற்றுச்சீட்டு கையில் இருக்கட்டும், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.

7. மரவேலை

பழைய தோலை ஒரு மூலையில் மழுங்கின கத்தியால் கிளப்பினால் பெரும்பாலும் உரிந்து வரும். மிஞ்சின பசையை, வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியைப் போட்டு இளக்கிச் சுரண்டுங்கள். துணி சொட்டச் சொட்ட இருந்தால் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய பலகையும் சேர்ந்து கிளம்பும். ரப்பர் பசை தண்ணீருக்கு அசையாது. என் மேசையில் அதைத் தின்னர் போட்டுச் சுரண்ட ஒன்றரை நாள் கூலி போனது.

உளு (மரம் துளைக்கும் பூச்சி) இருக்கிறதா என்று கால்களின் அடியில் பாருங்கள். புதுத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, மருந்து ஊசியால் ஏற்ற வேண்டும். வெயிலில் காய வைத்தால் பூச்சி சாகும் என்று சித்திரை வெயிலில் மேசையைப் போடாதீர்கள், பூச்சிக்கு முன் பலகை வெடிக்கும்.

பழைய பொலிஷ் அரக்கா என்று பார்க்க, காலின் உள்பக்கத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். ஒட்டுப்பட்டால் அரக்கு. அரக்கு என்றால் முழுவதும் உரிக்கத் தேவையில்லை, அழுக்கை எடுத்து அதன்மேலேயே புது அரக்குப் பொலிஷ் ஏற்றலாம். ஐயா துணிப்பொதியால் எட்டு நாள், நாளுக்கு இரண்டு தரம் மெல்லிசாகப் பூசினார். ஈரக் காற்றில் அரக்கு வெண்மை பூக்கும், சோளகத்தில் தூசு ஒட்டும். அதனால் ஐப்பசி முதல் மார்கழி வரையும், வைகாசி முதல் ஆவணி வரையும் பொலிஷ் வேலை வைக்க வேண்டாம். தையில் தொடங்கிப் பங்குனிக்குள் முடிப்பது நல்லது. ஸ்பிரிட் திறந்திருக்கும் அறையில் விளக்குக் கொளுத்தாதீர்கள்.

பித்தளைப் பிடிகளைக் கழற்றித்தான் துலக்க வேண்டும். பொலிஷ் முழுதாக முடிந்த பிறகே தோல், ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். தோலில் ஒரு துளி ஸ்பிரிட் விழுந்தால் நிறம் கரையும்.

8. தோல் ஒட்டுதல்

பள்ளத்தின் வெடிப்புகளை மரப்பொடிப் பசையால் அடைத்து, 120 இலக்கச் சாண்ட்பேப்பராலும் பிறகு 180ஆலும் கையால் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கைக்குத் தட்டுப்படுவதெல்லாம் பிறகு தோலுக்கு மேலே தெரியும். ஒரு மணல் பருக்கைகூட.

பசை: கோதுமை மாவைக் காய்ச்சி, அதில் பாதியளவு தச்சரின் வெள்ளைப் பசை கலந்தேன். ரப்பர் பசை பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. மாப்பசை பத்து நிமிடம் நகர்த்த விடும், நாளைக்கு உங்கள் பேரன் இந்தத் தோலை மாற்ற நினைத்தால் கழரவும் செய்யும்.

பசையை மரத்துக்குப் பூசுங்கள், தோலுக்கு வேண்டாம். தோலில் பூசினால் ஊறி நீளும், காய்ந்ததும் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும். நடுத்துண்டை முதலில் வைத்து, நடுவில் இருந்து வெளியே உள்ளங்கையால் தடவுங்கள். இழுக்காதீர்கள். பக்கத் துண்டுகளை நடுத்துண்டின் மேல் அரை அங்குலம் ஏறும்படி வைத்து, நேர்கோல் பிடித்து, புது பிளேட்டால் இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டு. மேலேயும் கீழேயும் உள்ள கழிவை எடுத்துவிட்டால் பொருத்து மயிரிழைபோல் சேரும். சுற்று ஓரத்தை எலும்புத் துண்டாலோ மரக் கரண்டிக் காம்பாலோ பள்ளத்தின் மூலையில் அழுத்தி, அந்தக் கோட்டில் வெட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது பிளேட்.

ஈரத் தோலின் மேல் இரும்பை வைத்திருக்கக்கூடாது. தாவரப் பதனிட்ட தோலில் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் நீலக் கறுப்பாகும், பழைய காலத்து மை அப்படித்தான் செய்தார்கள். ஐயா ஒரு வெட்டுத்துண்டின் மேல் சுத்தியலை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். வந்து பார்த்தால் சுத்தியலின் தலை அப்படியே அச்சாக விழுந்திருந்தது. நல்லகாலம், கழிவுத் துண்டு.

ஒரு நாள் முழுதும் மின்விசிறி போடாமல் காய விடுங்கள். குமிழ் வந்தால் மெல்லிய ஊசியால் ஒரு குத்து, ஒரு துளி பசை, விரலால் அழுத்தம்.

9. பொன்கோடு

வேண்டாம் என்றாலும் மேசை நன்றாகத்தான் இருக்கும். வேண்டுமென்றால் புத்தகம் கட்டுகிறவரைப் பிடியுங்கள். கல்யாணக் கார்ட் அடிக்கிற அச்சகங்களில் பொன் தாள் கிடைக்கும். பித்தளைச் சில்லைச் சூடாக்கி, தாளின் மேல் நேர்கோல் பிடித்து உருட்டுவார். சூடு கூடினால் தோல் கருகும், குறைந்தால் பொன் ஒட்டாது. மிஞ்சிய துண்டில் பத்துத் தரம் பார்த்த பிறகே மேசையில் கைவைக்க விடுங்கள். எங்களுடையவர் பதினொராம் தரம்தான் திருப்திப்பட்டார்.

10. செலவு, காலம்

2025இல் எனக்கு ஆனது இது. பட்டா வாகனம் 6,500. தச்சர் நான்கு நாள், நாளுக்கு 4,500 வீதம் 18,000. சாண்ட்பேப்பர், பசை, மரத்துண்டு 4,200. பொலிஷ் கூலியும் பொருளும் 14,000. தோல் எங்கள் காசில் ஏறத்தாழ 9,300. பொன்கோடு 5,000. மொத்தம் 57,000 ரூபா. ரெக்சினுக்குக் கொட்டிய 22,000 இதில் சேரவில்லை.

காலம்: மரவேலை ஒரு கிழமை, பொலிஷ் காய்தலோடு மூன்று கிழமை, தோலும் கோடும் ஒரு கிழமை, தச்சர் வராத நாட்கள் ஒரு கிழமை. தோலை மட்டும் வேலை தொடங்க இரண்டு மாதம் முன்னரே சொல்லி வையுங்கள். தோல் வராமல் உரிக்காதீர்கள், வெறும் பள்ளத்தோடு மேசை கிடந்தால் வீட்டில் எல்லாரும் அதில் சாமான் வைப்பார்கள்.

11. வேலை முடிந்த பிறகு

ஒரு மாதம் பாரமானது எதுவும் வைக்க வேண்டாம். தோலுக்கு நிறமில்லாத மெழுகு வருடத்தில் இரண்டு தரம், மாரிக்கு முன்னும் பின்னும் போதும். மேசையை யன்னல் வெயிலில் போடாதீர்கள். பச்சை முதலில் வெளிறும்.

பாதுகாப்புக்கென்று மேலே கண்ணாடி போடச் சொல்வார்கள். கண்ணாடிக்கும் தோலுக்கும் நடுவில் ஈரம் அடைபட்டு, கார்த்திகையில் பூஞ்சணம் கிளம்பும். கண்ணாடி வெட்டக் கடைக்குப் போன அம்மாவைப் பாதி வழியில் திருப்பிக் கூட்டி வந்தேன். இப்போது அவர் தேத்தண்ணிக் கோப்பைக்கு ஒரு பனையோலைத் தட்டு வைத்திருக்கிறார், என்னையும் அதில்தான் வைக்கச் சொல்கிறார்.